ஆளில்லாத வேளையில் கணிப்பொறி யாரை நம்பும்?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணினி அறிவியல்)

கணிப்பொறி என்றால் நாம் எதிரே அமர்ந்து தட்டினால் வேலை செய்யும் பொறி என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அதன் வேலைகளில் கணிசமான பகுதி எதிரே எவரும் இல்லாத நேரத்தில்தான் நடைபெறுகிறது. நள்ளிரவில் கணக்குகளைப் படியெடுத்து வைப்பது, விடியற்காலையில் அறிக்கை தயாரிப்பது, வாரம் ஒருமுறை வேண்டாத கோப்புகளை அழிப்பது ஆகியவற்றை ஒருவர் ஒருமுறை எழுதி வைத்துவிட்டுப் போகிறார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துப் பொறியே அவற்றைச் செய்துகொள்கிறது. இதற்கென விண்டோஸில் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்ற அமைப்பு இருக்கிறது. யூனிக்ஸ் வழிவந்தவற்றில் ‘கிரான்’ இருக்கிறது. 1979-ல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே கிரான் உண்டு என்றால் இந்த ஆசை எவ்வளவு பழையது என்பது புலப்படும். நேரம் குறித்து ஒப்படைக்கப்படும் இத்தகைய வேலையை இக்கட்டுரையில் ‘குறித்த வேலை’ என்று சுருக்கமாகச் சொல்வோம்.

குறித்த வேலை சில நாள் ஒழுங்காக ஓடும். பிறகு ஒருநாள் நின்றுவிடும். திறந்து பார்த்தால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ சரியில்லை என்று கூறும். கடவுச்சொல்லை நாம் சற்றுமுன்தான் தட்டி உள்ளே வந்திருப்போம்! உடனே பெரும்பாலோர் செய்வது, அதே கடவுச்சொல்லை மீண்டும் மீண்டும் தட்டிப் பார்ப்பது. அதுவும் பயனளிக்காவிட்டால் பொறியை அணைத்து எழுப்புவது. இவ்விரண்டும் பல வேளைகளில் வீண் வேலை. பிழை ஏன் வருகிறது என்பதைக் காண வேண்டுமானால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: உரிமையாளர் வீட்டில் உறங்கும்போது, அவர் பெயரால் வேலை செய்ய வருகிறதே இந்த நிரல், அது அவருடையதுதான் என்று கணிப்பொறிக்குச் சாட்சி சொல்வது யார்?

துறைமுகத்தையும் ஆலைகளையும் அறிந்த நம் வடசென்னையாருக்கு இது விளங்காத விஷயமன்று. துறைமுக வாயிலில் நிற்கும் காவலர், உள்ளே நடக்கப்போகும் வேலை நல்லதா கெட்டதா என்று கேட்பதில்லை. நீ யார், யார் கொடுத்த சீட்டு, எந்த வாயிலுக்கு, எதுவரை செல்லும் என்றுதான் கேட்கிறார். சீட்டு போலியாக இருந்தாலும் திருப்பி அனுப்புவார். உண்மையான சீட்டாக இருந்து, தேதி கடந்துபோயிருந்தாலும் திருப்பி அனுப்புவார். சீட்டும் சரி, தேதியும் சரி, ஆனால் இந்த வாயிலுக்கு உரியதன்று என்றாலும் திரும்ப வேண்டியதுதான். வெளியே காத்திருக்கும் லாரி ஓட்டுநருக்கு மூன்றும் ஒன்றுதான், உள்ளே விடவில்லை. ஆனால் மூன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறு. குறித்த வேலையின் உள்நுழைவுப் பிழைகளும் இப்படியே பலவகை. அவற்றை ‘பாஸ்வேர்டு தப்பு’ என்ற ஒரே கூடையில் போடுவதால்தான் நாள் கணக்கில் அலைகிறோம்.

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். கணிப்பொறி ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் வேலைகளெல்லாமே ஆளில்லா வேலைகள்தாம். சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் ஐ.பி.எம். 370 வகைப் பெரும்பொறி நிறுவப்பட்டது. அத்தகைய பொறிகளுக்கு மாணவர் தம் நிரலைத் துளையிட்ட அட்டைகளாக அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போவார். இயக்குநர் பலருடைய கட்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பொறிக்கு ஊட்டுவார். கட்டின் முதல் அட்டை இது யாருடைய வேலை என்று சொல்லும். இவ்வாறு தொகுத்து ஓட்டியதற்கு ‘பேட்ச்’ என்று பெயர். இன்றைய விண்டோஸில் குறித்த வேலைக்கு வேண்டிய உரிமையின் பெயர் ‘லாக் ஆன் ஆஸ் எ பேட்ச் ஜாப்’ என்பது. அட்டைகள் போய்விட்டன, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

கடவுச்சொல் வந்தது வேறு வழியில். 1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பலர் ஒரே பொறியை ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பைச் செய்து காட்டினர். ஒருவர் கோப்பில் மற்றவர் கைவைக்காதிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் அதில் தரப்பட்டது. அறுபதுகளின் நடுவில் ஒருநாள், அன்றைய செய்தி தோன்ற வேண்டிய இடத்தில் எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாக முனையங்களில் அச்சாகிவிட்டனவாம்! இரண்டு கோப்புகள் இடம் மாறிப்போனதே காரணம். கடவுச்சொல்லைப் படிக்கும்படியாக எங்கேனும் எழுதி வைப்பது எத்தகைய ஆபத்து என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைக்காது. ஆகவே பிற்காலத்தில் ஒருவழிக் கணக்கீட்டால் உருமாற்றி வைக்கும் முறை வந்தது. நாம் தட்டும் சொல்லையும் அதே கணக்கீட்டுக்கு உட்படுத்தி, விடை பொருந்துகிறதா என்று பொறி பார்க்கும். விடையிலிருந்து சொல்லைத் திரும்பப் பெற அதனாலும் இயலாது.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. நாம் எதிரே இருந்து உள்நுழையும்போது நம் கடவுச்சொல் பொறிக்குத் தெரிய வேண்டியதில்லை. நாம் சொன்னால் சரிபார்க்கத் தெரிந்தால் போதும். ஆனால் நள்ளிரவில் நமக்குப் பதிலாக உள்நுழைய வேண்டுமானால், சொல்ல வேண்டிய வாயும் அதுவே, சரிபார்க்க வேண்டிய செவியும் அதுவே. எனவே டாஸ்க் ஷெட்யூலர் நம் கடவுச்சொல்லைத் திரும்ப எடுக்கக்கூடிய வடிவில், மறைகுறியாக்கி, தனியே ஓரிடத்தில் வைத்துக்கொள்கிறது. நம் பிழைகளில் பாதிக்கு மூலம் இந்தத் தனிப்படிதான். நாம் கடவுச்சொல்லை மாற்றினால் கணக்கின் பதிவேடு மாறும். ஷெட்யூலரிடம் உள்ள படி மாறுவதில்லை. வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டு, எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்து வைத்த பழைய சாவியை மறந்துவிட்டால் எப்படியோ அப்படி.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று. ராயபுரம் பக்கத்தில், துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு சிறு முகவர் அலுவலகத்துக்கு மாலை வேளைகளில் கணக்குப் பதிவதற்காக நான் செல்வதுண்டு. அங்கே இரண்டு கணிப்பொறிகள். ஒன்றில் கணக்கு எழுதுவார்கள். மூலையில் உள்ள பழைய பொறி ஒவ்வோர் இரவும் 11.30 மணிக்கு முதற்பொறியிலிருந்து கணக்குக் கோப்புறையைப் படியெடுத்துக்கொள்ளும். ஓர் எழுத்தர் வேலையை விட்டுச் சென்றார். மறுநாளே இரு பொறிகளிலும் கடவுச்சொல்லை மாற்றினார்கள். அது செய்ய வேண்டிய காரியமே. யாரும் குறை கூற முடியாது. ஆனால் அன்றிரவிலிருந்து படியெடுப்பு நின்றுபோயிற்று. திரையில் எச்சரிக்கை ஏதும் வரவில்லை, ஏனெனில் அந்த நேரத்தில் பார்க்க எவரும் இல்லை. இருபதாம் நாள் முதற்பொறியின் வட்டு பழுதாயிற்று. கையில் இருந்த படி பத்தொன்பது நாள் பழையது.

லாரி வாடகைக்கும் கன்டெய்னர் கட்டணத்துக்கும் ரசீதுகள் இருந்தன. அவற்றை நான்கு நாள் உட்கார்ந்து மீண்டும் பதிந்துவிட்டோம். சுமைப்பணியாளர் கூலிக்கு ரசீது ஏது? மேஸ்திரியின் சிறு குறிப்பேடுதான். அதில் முன்பணம் வாங்கியது இருந்தது. வாரக்கூலியில் பிடித்துக்கொண்டது கணிப்பொறியில் மட்டுமே இருந்தது. எனவே ஏற்கெனவே அடைத்த கடன் மீண்டும் பாக்கியாக நின்றது. “கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னு சொன்னீங்களே தம்பி, இப்ப இல்லைன்னா எப்படி?” என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். என் தந்தையாரும் அதே வேலை பார்ப்பவர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருப்பவன் நான் என்பதால், கணிப்பொறி சம்பந்தப்பட்ட எதற்கும் நான் விடை சொல்லியாக வேண்டும் என்று எங்கள் தெருவிலேயே ஓர் எண்ணம். அவருக்கு விடை தேடப்போய்த்தான் இக்கட்டுரைக்கு உரிய செய்திகளைக் கற்றேன். (கணக்கு ஒருவழியாகத் தீர்ந்தது. முதலாளி ஆளுக்கு ஆள் விசாரித்து, ஐயமான இடங்களில் தொழிலாளி சொன்னதையே ஏற்றுக்கொண்டார்.)

மூலையில் இருந்த பழைய பொறிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் ஷெட்யூலரில் வரலாற்றுப் பதிவையும் யாரோ முன்பே இயக்கி வைத்திருந்தார்கள். இது தானாக இயங்கியிருக்காது. ‘எனேபிள் ஆல் டாஸ்க்ஸ் ஹிஸ்டரி’ என்பதை நாமே அழுத்தி வைக்க வேண்டும். திறந்தால் பத்தொன்பது இரவுகளுக்கும் ஒரே பதிவு: நிகழ்வு எண் 104, உள்நுழைய இயலவில்லை; பிழை மதிப்பு 2147943726.

இந்தப் பத்திலக்க எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். இதிலிருந்து 2147942400-ஐக் கழித்துவிடுங்கள். மிஞ்சுவது 1326. அதுதான் உண்மையான பிழை எண். கழித்த பெரிய எண், ‘இது விண்டோஸின் பொதுவான பிழை வரிசையைச் சேர்ந்தது’ என்று சொல்லும் ஒரு முத்திரை மட்டுமே. வேலைப் பட்டியலில் உள்ள ‘லாஸ்ட் ரன் ரிசல்ட்’ என்ற நிரலில் இதே எண் பதினாறடிமான வடிவில் தோன்றும். அங்கே கடைசி நான்கு இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, அவை 0569 என்றிருந்தால், ஐந்தை 256-ஆலும் ஆறை 16-ஆலும் பெருக்கி ஒன்பதைக் கூட்டினால் 1280, 96, 9 சேர்ந்து 1385. முதலாண்டில் எண்முறைகளைப் படித்தபோது இதனால் என்ன பயன் என்று கேட்ட நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். எண் கிடைத்தபின் கட்டளைச் சாளரத்தில் ‘நெட் ஹெல்ப்எம்எஸ்ஜி’ என்று ஆங்கிலத்தில் தட்டி, இடம்விட்டு அந்த எண்ணைத் தட்டினால் பொருளைப் பொறியே கூறிவிடும்.

இனி வாயிற்காவலரின் மொழியிலேயே இவ்வெண்களைப் படிப்போம். 1326 என்றால் சீட்டே பொருந்தவில்லை. பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 1330, கடவுச்சொல்லின் காலம் முடிந்துவிட்டது. 1331, கணக்கையே முடக்கி வைத்திருக்கிறார்கள். 1332, அப்படியொரு பெயர் இந்தப் பொறிக்குத் தெரியாது. வேறொரு பொறியில் எழுதிய வேலையை அப்படியே கொண்டுவந்து ஏற்றும்போது இது வரும். 1327 சற்று வேடிக்கையானது. கடவுச்சொல்லே வைக்காத கணக்குகள் நம் வீடுகளில் ஏராளம். அத்தகைய கணக்கால் எதிரே அமர்ந்து உள்ளே போகலாம். ஆளில்லாமல் போகக் கூடாது என்பது விண்டோஸின் இயல்பான விதி. ‘எனக்குத்தான் பாஸ்வேர்டே இல்லையே, அது எப்படித் தவறாகும்?’ என்று கேட்பவருக்கு விடை இதுதான்.

1909 தனியே கவனிக்கத்தக்கது. பலமுறை தவறான கடவுச்சொல் வந்ததால் கணக்கைத் தற்காலிகமாகப் பூட்டிவிட்டேன் என்பது அதன் பொருள். ஓர் அலுவலர் கடவுச்சொல்லை மாற்றுகிறார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் குறித்த வேலையொன்று அவர் பெயரில் எங்கோ இருக்கிறது. அது பழைய சாவியை ஓயாமல் செருகிக்கொண்டே இருக்கும். விளைவாக, புதிய சாவியைக் கையில் வைத்திருக்கும் அந்த அலுவலரே உள்ளே போக முடியாமல் நிற்பார். பூட்டைத் திறந்துவிட்டால் சிறிது நேரத்தில் மீண்டும் பூட்டிக்கொள்ளும். யாரோ கள்ளர் புகப் பார்க்கிறார் என்று அலறுவார்கள். கள்ளர் அவருடைய சொந்த வேலையே!

1385-ஐ நாங்கள் அலுவலகத்தில் நேரிலேயே கண்டோம். ஆள் மாறும்போதெல்லாம் படியெடுப்பு நிற்கக் கூடாது என்பதற்காக, எவருடைய சொந்தக் கணக்கும் அல்லாமல், படியெடுப்பதற்கென்றே ஒரு புதிய கணக்கை இரு பொறிகளிலும் ஒரே பெயரில் ஒரே கடவுச்சொல்லுடன் தோற்றுவித்தோம். நிர்வாகி அதிகாரம் கொடுக்கவில்லை. கணக்குக் கோப்புறையைப் படிக்க மட்டும் அனுமதி. கடவுச்சொல் முற்றிலும் சரி. அப்படியும் வேலை ஓடவில்லை. காரணம், பேட்ச் உரிமை இயல்பாக நிர்வாகிகளுக்கும் வேறு சில குழுக்களுக்கும்தான் உண்டு. சாதாரணக் கணக்குக்கு இல்லை. சீட்டு உண்மையானது, இந்த வாயிலுக்கு உரியதன்று. ‘லோக்கல் செக்யூரிட்டி பாலிசி’ என்ற சாளரத்தில், பயனர் உரிமைகளின் பட்டியலில், முன்பு கூறிய அட்டைக்காலப் பெயருள்ள உரிமையைத் திறந்து இக்கணக்கைச் சேர்த்த பிறகே வழி திறந்தது. விண்டோஸின் ஹோம் பதிப்பில் இச்சாளரம் இல்லை. புரோ பதிப்பில் உண்டு. அதே இடத்தில் ‘டினை லாக் ஆன் ஆஸ் எ பேட்ச் ஜாப்’ என்று எதிர்மறையான பட்டியலும் இருக்கிறது. ஒரு கணக்கு இரண்டிலும் இருந்தால் மறுப்பே வெல்லும்.

ஷெட்யூலரில் வேலையை எழுதும்போது யார் சாட்சி என்பதைத் தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று உண்டு. பலரும் அதைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள். ‘பயனர் உள்நுழைந்திருக்கும்போது மட்டும் ஓட்டு’ என்பது முதல் வழி. இதற்குக் கடவுச்சொல் கேட்கப்படாது. ஆள் உள்ளே இருப்பதே சாட்சி. அவர் வெளியேறியிருந்தால் வேலை நடவாது; 1245 என்ற எண் வரக்கூடும். ‘உள்நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு’ என்பது இரண்டாம் வழி. இதற்குத்தான் கடவுச்சொல்லின் தனிப்படி வேண்டும். இதனோடு ‘கடவுச்சொல்லைச் சேமிக்காதே’ என்றொரு சிறு கட்டம் இருக்கிறது. அதைத் தேர்ந்தால் படி இல்லாமலேயே ஓடும். பொறி தன் சொந்த அதிகாரத்தால் நம் பெயரை ஏற்றுக்கொள்கிறது. மிக நல்ல வழியாகத் தோன்றுகிறதல்லவா? ஆனால் அந்த அதிகாரம் அப்பொறியின் எல்லைக்குள்தான் செல்லும். வேறு பொறியின் கோப்பைத் தொடப்போனால் அங்குள்ள காவலர், கடவுச்சொல் எங்கே என்பார். எங்கள் அலுவலகத்துப் படியெடுப்பு இரு பொறிகளுக்கு இடையிலானது; ஆதலால் இவ்வழி உதவவில்லை. ஒரே பொறிக்குள் நடக்கும் வேலைகளுக்கு இதுவே உத்தமம் என்பது என் கருத்து.

இக்காலத்தில் புதிதாக வந்துள்ள ஒரு மயக்கத்தையும் கூற வேண்டும். வீட்டுக் கணிப்பொறிகளில் பெரும்பாலோர் நான்கோ ஆறோ இலக்கமுள்ள ‘பின்’ எண்ணைத் தட்டி உள்நுழைகிறார்கள். ஷெட்யூலர் கடவுச்சொல் கேட்கும்போது அந்தப் பின் எண்ணையே தருகிறார்கள். அது செல்லாது. பின் எண் அப்பொறியின் முன் அமர்ந்திருப்பவருக்கு உரிய குறுக்குவழி, கடவுச்சொல் ஆகாது. மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைபவர் அக்கணக்கின் உண்மையான கடவுச்சொல்லையே தர வேண்டும். அது பலருக்கு மறந்தேபோயிருக்கும். அப்போது, வேலைக்கென்று அப்பொறிக்குள் மட்டும் செல்லும் ஒரு தனிக் கணக்கை வைத்துக்கொள்வது எளிது.

கடவுச்சொல் சரியாக இருந்தும் வேலையைச் சேமிக்கும்போதே 1312 என்ற எண் வருமானால், தட்டியவர்மேல் பிழையில்லை. கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கக் கூடாது என்று அந்த நிறுவனம் பாதுகாப்புக் கொள்கையில் விதித்திருக்கிறது. ஷெட்யூலருக்குத் தனிப்படி வைக்க இடமில்லை, ஆகவே கைவிரிக்கிறது. இதை நிர்வாகியிடம் சொல்லித்தான் தீர்க்க வேண்டும்.

உள்நுழைவு வெற்றியடைந்தபின் தோன்றும் கோளாறுகளையும் கடவுச்சொல் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. பகலில் நாம் ‘இசட்’ என்ற எழுத்தைக் கொடுத்து வைத்திருக்கும் வலைப்பின்னல் வட்டு, நாம் உள்நுழைந்திருக்கும் அமர்வுக்கு மட்டுமே உரியது. இரவில் ஓடும் வேலைக்கு இசட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எழுத்துக்குப் பதிலாக, இரண்டு சாய்கோடுகளிட்டு மறுபொறியின் பெயரையும் கோப்புறையின் பெயரையும் முழுமையாக எழுத வேண்டும். விடை எண்களிலும் ஏமாறலாம். படியெடுக்க ‘ரோபோகாப்பி’ நிரலைப் பயன்படுத்துவோர், முடிவு 1 என்று வந்தால் பதறுவதுண்டு. அந்நிரலில் 1 என்றால் கோப்புகள் நல்லபடியாகப் படியெடுக்கப்பட்டன என்றே பொருள். 8-ம் அதற்கு மேலும்தான் கோளாறு. 267011 என்ற எண்ணும் அப்படியே. வேலை இன்னும் ஒருமுறைகூட ஓடவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது.

இவ்வளவு தொல்லை எதற்கு, எல்லாவற்றையும் ‘சிஸ்டம்’ கணக்கிலோ நிர்வாகி கணக்கிலோ ஓட்டிவிட்டால் பிழையே வராதே என்று கேட்கலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். பிழை மறையும், ஆபத்து ஏறும். இதற்கு இரண்டு வரலாறுகள் உண்டு.

பெரிய நிறுவனங்களில் நூற்றுக்கணக்கான பொறிகளுக்கு ஒரே இடத்திலிருந்து குறித்த வேலைகளை அனுப்பும் வசதி விண்டோஸில் இருந்தது. வேலையோடு கடவுச்சொல்லும் மறைகுறியாக்கப்பட்டுச் செல்லும். ஆனால் அந்த மறைகுறியைத் திறக்கும் திறவுகோல் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றே. அதை மைக்ரோசாஃப்டே தன் ஆவணங்களில் அச்சிட்டு வெளியிட்டிருந்தது! கோப்பைப் படிக்கக்கூடிய எந்த ஊழியரும் நிர்வாகியின் கடவுச்சொல்லைப் பெற முடிந்தது. 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் ஒரு திருத்தத்தின் மூலம் இவ்வாறு கடவுச்சொல் வைப்பதை நிறுத்தினார்கள். அதற்குமுன் வைக்கப்பட்டவை தாமாக அழியவில்லை. அவரவரே தேடி அழிக்க வேண்டியிருந்தது.

மற்றொன்று 2010-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நச்சுநிரல். ஈரானின் யுரேனியச் செறிவூட்டு ஆலையைத் தாக்கியது என்று அறியப்படும் அது, பொறிக்குள் தன் அதிகாரத்தை உயர்த்திக்கொள்ள டாஸ்க் ஷெட்யூலரையே ஒரு வழியாகக் கொண்டது. குறித்த வேலை எந்தக் கணக்கில் ஓட வேண்டும் என்ற குறிப்பு ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அதை யாரும் திருத்தவில்லை என்பதற்குச் சாட்சியாக ஷெட்யூலர் அப்போது சி.ஆர்.சி. 32 என்ற கணக்கீட்டை வைத்திருந்தது. தரவுத் தொடர்பியலில் நாம் படிக்கும் அதே சி.ஆர்.சி.தான். கம்பியில் வரும்போது தற்செயலாக நேரும் பிழையைக் கண்டுபிடிக்க அது போதும். வேண்டுமென்றே திருத்துபவனைப் பிடிக்க அதனால் ஆகாது. ஸ்டக்ஸ்நெட் தன் சாதாரண வேலையின் கோப்பில் சிஸ்டம் கணக்கின் பெயரை எழுதி, சி.ஆர்.சி. விடை மாறாதபடி இறுதியில் சில எழுத்துகளை நிரப்பியது. ஷெட்யூலர் நம்பிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இதற்குத் திருத்தம் வெளியாயிற்று. இளம் அறிவியல் பாடத்தில் மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்யும் ஒரு பொருள், தவறான இடத்தில் வைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைக் காட்டிலும் பெரிய எடுத்துக்காட்டை நான் படித்ததில்லை.

லினக்ஸில் இத்தொல்லை இல்லை என்று கூறும் நண்பர்கள் உண்டு. சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் முதலான எதிலும் கிரான் இருக்கும். அது கடவுச்சொல் கேட்பதில்லை என்பது மெய்யே. கிரான், ‘ரூட்’ என்னும் தலைமை அதிகாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நேரம் வந்ததும் தானே இறங்கி உரிய பயனரின் பெயரை மேற்கொள்கிறது. யாரிடமும் சீட்டு காட்ட வேண்டியதில்லை. ஆயினும் கடவுச்சொல் காலாவதியான கணக்கின் வேலையைப் பல லினக்ஸ் அமைப்புகள் அங்கும் தடுத்துவிடும். வேறு பொறிக்குக் கோப்பை அனுப்ப வேண்டுமானாலோ, எஸ்.எஸ்.எச். திறவுகோலைக் கடவுத்தொடர் இல்லாமல் ஒரு கோப்பாக வைக்க வேண்டியதாகிறது. கடவுச்சொல்லின் படி போய்த் திறவுகோலின் படி வந்தது, அவ்வளவே வேறுபாடு. விண்டோஸ் சர்வர் 2012 முதல், நிறுவனங்களுக்கென ஒரு தனிவகைக் கணக்கு வந்திருக்கிறது. அதன் கடவுச்சொல்லை மனிதர் எவரும் அறியார். இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை பொறிகளே தமக்குள் மாற்றிக்கொள்ளும். இது நல்ல தீர்வு. ஆனால் டொமைன் அமைத்த பெரிய நிறுவனங்களுக்கே கிட்டும். இரண்டு பொறி வைத்திருக்கும் ராயபுரத்து அலுவலகத்துக்கு எட்டாது.

சிறிய இடங்களில் என்ன செய்யலாம் என்பதற்கு நாங்கள் செய்ததையே சொல்கிறேன். படியெடுக்கும் கணக்கின் கடவுச்சொல்லை ஓர் உறையிலிட்டு ஒட்டி, மேலே தேதியிட்டு, முதலாளியின் இரும்புப் பெட்டியில் வைத்தோம். அக்கடவுச்சொல்லை மாற்றினால் கணக்கிலும் ஷெட்யூலரிலும் சேர்ந்தே மாற்ற வேண்டும் என்று உறையின்மேலேயே எழுதினோம். ஷெட்யூலரில் மாற்றிய உடனே ‘ரன்’ பொத்தானை அழுத்திப் பார்ப்பது மட்டும் போதாது. இரண்டு மூன்று நிமிடம் தள்ளி நேரம் குறித்துவிட்டு, முற்றிலும் வெளியேறி, நுழைவுத் திரையைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டும். பிறகு உள்ளே வந்து வரலாற்றைப் பார்த்து, படியெடுத்த கோப்பின் தேதியையும் பார்க்க வேண்டும். படியெடுப்பு தோற்ற நாளில் எவரும் பார்க்கவில்லை என்பதுதானே பழைய குறை? அதற்காக, வெற்றியுடன் முடிந்த படியெடுப்பு ஒவ்வொன்றும் அன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட ஒரு சிறு கோப்பை முதற்பொறியின் முகப்புத் திரையில் வைக்கும்படி ஒரு வரி சேர்த்தோம். அதற்கென முகப்புத் திரையில் உள்ள ஒரே ஒரு கோப்புறையில் மட்டும் எழுதும் அனுமதியை அக்கணக்குக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது காலையில் அலுவலகத்தைப் பெருக்கவரும் அம்மாவே நேற்றைய தேதி அங்கே இருக்கிறதா என்று பார்த்து, மேசைமேல் உள்ள நாட்காட்டித் தாளில் ஒரு கோடு போட்டுவிடுகிறார். கோடு இல்லாத நாளன்று மேஸ்திரி என்னைத் தொலைபேசியில் அழைப்பார்.